அரையாண்டு லீவில் அவுலி: சீசன் தொடக்கப் பனியை நம்பிக் காரைக்குடியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

முதல் தடவை நாங்கள் உத்தராகண்டில் இருக்கும் பனிச்சறுக்கு மேடான அவுலிக்குப் போனபோது, சறுக்குச் சரிவு என்று டிரைவர் கைகாட்டிய இடத்தில் பழுப்புப் புல்தான் கிடந்தது. நடுவில், வெளுக்கப் போட்டுவிட்டு எடுக்க மறந்த வேட்டி மாதிரி இரண்டு திட்டு வெள்ளை. அவ்வளவுதான் பனி. புது ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வண்டியிலிருந்து இறங்கிய அப்பத்தா, "இதுக்கா இம்புட்டுத் தூரம் கூட்டியாந்தே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

கிளம்புவதற்கு முன் தங்கும் இடத்துக்குப் போன் போட்டு, "பனி இருக்கா?" என்று கேட்டிருந்தேன். "இருக்கு, வாங்க" என்றார்கள். கூடவே ஒரு போட்டோவும் வந்தது, அதில் இடுப்பளவு பனி. அது முந்தைய பிப்ரவரியில் எடுத்தது என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அவர்கள் சொன்னது முழுப் பொய் இல்லை. இரண்டு திட்டு இருந்ததே! கோளாறு என் கேள்வியில். ஊருணியைப் பற்றி "தண்ணி கிடக்கா" என்று கேட்டுவிட்டு நாம் நிறுத்துவதில்லை. எத்தனை படி முங்கியிருக்கிறது, புதுத் தண்ணியா, அடியில் சகதியா என்றெல்லாம் கேட்போம். பனிக்கும் அதே கேள்விகள்தான். எவ்வளவு ஆழம், எந்த உயரத்தில், எப்போது விழுந்தது, அடியில் என்ன இருக்கிறது.

அதன் பிறகு இன்னும் இரண்டு டிசம்பர் போய்வந்துவிட்டோம். அதில் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து சின்னப் பிள்ளைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. ஸ்கீ, அதாவது காலில் பலகை மாட்டிப் பனியில் சறுக்குவது, நன்றாகத் தெரிந்தவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

படி 1: நம்ம காலண்டரையும் அவர்கள் காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

நமக்கு லீவு கிடைப்பது டிசம்பர் கடைசி வாரம். இமயமலைச் சறுக்கு மேடுகளுக்கோ அதுதான் சீசனின் வாசல்படி. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய இருக்கும் பனியை டிசம்பரில் எதிர்பார்க்க முடியாது. காஷ்மீரில் 'சில்லாய் கலான்' என்று சொல்லும் கடுங்குளிரின் 40 நாள் தொடங்குவதே டிசம்பர் 21-ல்தான்.

இதற்கு நடுவே நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு வேறு. கார்த்திகைத் தீபத்திலிருந்து 21 நாள் கணக்கு என்பதால் ஒரு வருடம் டிசம்பர் நடுவிலேயே முடிந்துவிடும், இன்னொரு வருடம் லீவின் நட்டநடுவில் வந்து நிற்கும். இழை எடுக்காமல் அப்பத்தா எங்கேயும் வரமாட்டார். எனவே டிக்கெட்டுக்கு முன்னால் பஞ்சாங்கம். நோன்பு முன்னதாக வரும் வருடம்தான் எங்களுக்கு நிம்மதி.

பொங்கல் லீவில் போனால் என்ன? பனிக்கு அது நல்ல நேரம்தான், டிசம்பரைவிட எவ்வளவோ தேவலை. ஆனால் நாள் குறைவு. எங்கள் பெரியவன் சிராவயல் மஞ்சுவிரட்டை விட்டுவிட்டு எந்த மலைக்கும் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஆகவே டிசம்பர்தான்.

டிசம்பரில் போவது என்று முடிவெடுத்தால், பனி பொய்த்துப்போகலாம் என்பதையும் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும். 2024 ஜனவரியில் காஷ்மீரின் குல்மார்க்கே வெறும் புல்லாகக் கிடந்தது, மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025 பிப்ரவரியில் அங்கே நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுப் போட்டியைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். நம்ம கண்மாய்கள் ஒரு வருடம் மறுகால் பாய்ந்து மறு வருடம் வெடித்துக் கிடப்பதைப் போலத்தான்.

படி 2: மேட்டைத் தேர்ந்தெடுக்கும்போது உயரத்தைப் பாருங்கள்

சீசன் தொடக்கத்தில் ஊரின் பெயரையும் புகழையும்விட அது எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அவுலிக்குக் கீழே இருக்கும் ஊரான ஜோஷிமட் 1,900 மீட்டர் ஒட்டி இருக்கிறது, அவுலியின் சரிவுகள் ஏறத்தாழ 2,500-லிருந்து 3,050 மீட்டர் வரை. ஜோஷிமட்டில் பகலில் 5 டிகிரி என்றால் 2,800 மீட்டரில் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதாவது ஜோஷிமட்டில் நீங்கள் குடை பிடித்து நிற்கும் அதே மேகம் மேலே பனியாகக் கொட்டிக்கொண்டிருக்கலாம். காற்றடிக்காத தெளிந்த இரவுகளில் மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகும், குளிர்ந்த காற்று பள்ளத்தில் இறங்கித் தேங்கிவிடும். எனவே விடிகாலைக் குளிரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மதிய வெப்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

சிம்லா பக்கத்துக் குஃப்ரியும் நார்கண்டாவும் 2,700 மீட்டர் ஒட்டியவை. போகச் சுலபம், ஆனால் டிசம்பரில் நம்பிப் போக மாட்டேன். மணாலிக்குப் பக்கத்துச் சோலாங் 2,500 மீட்டர் சொச்சம். சோலாங்கில் பனி இல்லாவிட்டாலும் அங்கே ஒரு மாற்று வழி உண்டு. 2020 அக்டோபரில் திறந்த, 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப் பாதையைத் தாண்டினால் 3,100 மீட்டர் உயரத்தில் சிஸ்ஸு. முறையான சறுக்குச் சரிவு இல்லாவிட்டாலும் பிள்ளைகள் பனியில் உருண்டு விளையாட அது போதும். குல்மார்க் 2,650 மீட்டர். அங்குள்ள கோண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் 3,900 மீட்டரைத் தாண்டிவிடலாம், அங்கே டிசம்பரிலும் பனி கிடக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அது தேர்ந்தவர்களின் இடம். நம்ம பிள்ளைகள் பழகும் சரிவு கீழே ஊருக்குள்தான், கீழே பனி இல்லையென்றால் மேலே இருப்பது உங்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும்.

அவுலியை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதன் அளவு. கம்பியில் தொங்கும் நாற்காலியில் மேலே ஏற்றிவிடும் சேர் லிஃப்ட் 800 மீட்டர்தான். ஓரிடத்தில் நின்றால் நம்ம ஆட்கள் எல்லாரும் கண்ணில் படுவார்கள். சரிவின் பெரும்பகுதி புல்வெளி என்பதும் தொடக்கப் பனிக்கு நல்லது, ஏன் என்று அடுத்துச் சொல்கிறேன். கூடவே, ஜோஷிமட் 108 திவ்ய தேசங்களில் திருப்பிரிதி என்று சொல்லப்படும் தலம். பனி ஏமாற்றினாலும் அப்பத்தாவுக்கு நரசிம்மர் தரிசனம் உறுதி. எங்கள் முதல் பயணத்தைக் காப்பாற்றியது அதுதான். ஊர்ப்பெயரைச் சிலர் 'ஆலி' என்றும் எழுதுகிறார்கள். பழந்தமிழில் ஆலி என்றால் ஆலங்கட்டி, பொருத்தம்தான்!

படி 3: எத்தனை அங்குலம் போதும்?

இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், எனவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் பயணத்தில் எங்கள் சின்னவள், ஊருக்குக் கொண்டுபோகிறேன் என்று எவர்சில்வர் தூக்குச்சட்டி நிறையப் புதுப்பனியை அள்ளி வந்து அறையில் வைத்தாள். சட்டி ஒரு சாண் உயரம் இருக்கும். காலையில் பார்த்தால் அடியில் ஒரு விரல் தண்ணீர். யாரோ குடித்துவிட்டார்கள் என்று அழுகை. யாரும் குடிக்கவில்லை. புதுப்பனியில் பெரும்பங்கு காற்று. ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் பனி உருகினால் 1 சென்டிமீட்டர் தண்ணீர்தான் கிடைக்கும்.

சரிவிலும் இதேதான் நடக்கும். "நேத்து ஒரு அடி விழுந்துச்சு" என்று சொன்னால் சந்தோஷப்படுவோம். மிதிபட்டு, இறுகி, ஒரு வெயிலும் பார்த்த பிறகு அந்த ஒரு அடி அரை அடிக்கும் கீழே போய்விடும். ஆகவே விழுந்த அளவு வேறு, இறுகிக் கிடக்கும் அளவு வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

என் அனுபவக் கணக்கு இது. பிள்ளைகள் உருண்டு விளையாட, பலகையில் உட்கார்ந்து சறுக்க 4 அங்குலம் போதும். புல்வெளிச் சரிவில் ஸ்கீ பழக, இறுகிய நிலையில் 8-லிருந்து 12 அங்குலம் வேண்டும். கல்லும் புதரும் உள்ள சரிவு என்றால் 2 அடிக்குக் குறைந்து கால் வைக்காதீர்கள். அரை அடிப் பனி புல்லை மூடிவிடும், கல்லை ஒளித்துத்தான் வைக்கும். கண்ணுக்குத் தெரிகிற கல்லில் யாரும் மோதுவதில்லை.

படி 4: வானத்தைப் படிக்கிற விதம்

நமக்கு மழை கொண்டுவருவது வங்கக் கடல், வடகிழக்குப் பருவமழை. அங்கே பனி கொண்டுவருவது மேற்கத்திய இடையூறு என்று வானிலைத் துறை சொல்லும் சுழற்சி. மத்தியதரைக் கடல் பக்கத்தில் உருவாகி ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வந்து இமயமலையில் மோதும். குளிர் எவ்வளவு இருந்தாலும் இது வராவிட்டால் பனி கிடையாது. "அங்கே மைனஸ் 5 டிகிரியாம்" என்று கேட்டுவிட்டு ஜாக்கெட் வாங்கக் கிளம்பாதீர்கள். வறண்ட குளிருக்கும் பனிக்கும் சம்பந்தமில்லை.

முன்னறிவிப்பில் மூன்றைப் பார்க்க வேண்டும். ஒன்று, இடையூறு எந்த நாளில் வருகிறது. இரண்டு, உறைநிலை உயரம், அதாவது வெப்பம் பூஜ்யத்துக்கு இறங்கும் உயரம். வானிலைச் செயலிகள் சிலவற்றில் இது மீட்டரில் வரும். அதற்குச் சில நூறு மீட்டர் கீழே வரைகூடப் பனியாக விழும், அதற்கும் கீழே மழை. உறைநிலை 3,200 மீட்டர் என்று காட்டினால் அவுலியின் அடிவாரத்தில் மழை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிய பனிமேல் மழை பெய்தால் இருந்ததும் போய்விடும், மிஞ்சுவது இரவில் கண்ணாடியாக உறையும். மூன்றாவது, இடையூறு போன பிறகு எத்தனை நாள் வெயில். நீங்கள் போய்ச் சேரத் தோதான நாள் பனி கொட்டி முடிந்த இரண்டாம் நாள். கொட்டுகிற அன்றே போனால் பாதி வழியில் ரோடு அடைத்துக் கிடக்கும்.

முன்னறிவிப்பை மூன்று நாலு நாளுக்கு நம்பலாம், அதற்கு மேல் குத்துமதிப்புதான். இங்கேதான் நம்ம தூரம் இடிக்கிறது. அதிகாலையில் காரைக்குடியில் பல்லவன் ஏறி, மதியவாக்கில் எழும்பூர் வந்து, இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்தால் மூன்றாம் நாள் காலை டெல்லி. அன்றைக்கே ரிஷிகேஷ். நாலாம் நாள் பொழுதுசாய ஜோஷிமட். ரயிலில் போகிறவர்கள் முன்னறிவிப்பை நம்பிக் கிளம்ப முடியாது. கிளம்பும் அன்றே அங்கே போதுமான பனி தரையில் கிடக்க வேண்டும். மதுரையிலோ திருச்சியிலோ விமானம் ஏறி, மாறி, டேராடூன் போனால் இரண்டாம் நாள் சாயங்காலம் ஜோஷிமட். அவர்கள் முன்னறிவிப்பையும் நம்பிக் கிளம்பலாம். செலவு வித்தியாசம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் முதல் பயணத்தின் ரயில் கட்டணம் மிச்சமாகவும் இல்லை.

படி 5: போனில் கேட்க வேண்டிய கேள்விகள்

தங்கும் இடத்தில் கேட்பதைவிட ஜோஷிமட்டிலிருந்து மேலே ஓட்டுகிற டிரைவரிடம் கேளுங்கள். நீங்கள் வந்தால்தான் அவருக்கும் வரும்படி என்றாலும், ரோட்டில் மாட்டிக்கொண்டால் தள்ளப்போவதும் அவர்தானே. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்பார்ப்பது இன்னும் நல்லது.

"பர்ஃப் ஹை க்யா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "கித்னி பர்ஃப் ஹை?", எவ்வளவு இருக்கிறது, என்று ஆரம்பியுங்கள். அங்கே சென்டிமீட்டர் பேசமாட்டார்கள், "ஆதா ஃபுட்", "ஏக் ஃபுட்" என்பார்கள். உடனே "கஹாங்?", எங்கே, என்று கேளுங்கள். லிஃப்டின் மேல் முனையில் ஒன்றரை அடி இருக்கும்போது கீழே பழகும் இடத்தில் புல் தெரியும். அப்புறம் கடைசியாக விழுந்தது என்றைக்கு, அதற்குப் பிறகு மழை பெய்ததா, பனியை மிதித்து இறுக்கியிருக்கிறார்களா, சேர் லிஃப்ட் ஓடுகிறதா. ஜோஷிமட்டிலிருந்து மேலே போகும் 4 கிலோமீட்டர் ரோப்வேயை 2023 ஜனவரியில், நிலம் உள்வாங்கி வீடுகள் விரிசல்விட்ட சமயத்தில் நிறுத்தினார்கள். அதை நம்பித் திட்டம் போடாமல் ரோடு வழியாகத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டோ வேண்டாம். வீடியோ கால் போடச் சொல்லுங்கள், பழகும் சரிவில் யாராவது நின்று பூட்ஸோடு மிதித்துக் காட்டட்டும். கணுக்கால் வரை இறங்கினால் ஒரு கணக்கு, பூட்ஸின் அடியில் புல் ஒட்டி வந்தால் இன்னொரு கணக்கு. இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். எனக்கும் இருந்தது. இரண்டாவது தடவை கேட்டேன், ஒரு டீக்கடைப் பையன் சிரித்துக்கொண்டே மிதித்துக் காட்டினான்.

படி 6: 'செயற்கைப் பனி இருக்கு' என்றால்

அவுலியில் பனி உண்டாக்கத் தண்ணீர் தேக்குவதற்கென்றே ஒரு செயற்கை ஏரி இருக்கிறது. 2011 ஜனவரியில் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டி அங்கே நடந்தது. ஏரி இருப்பதாலேயே பனி இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

தண்ணீரைப் பொடிப்பொடியாகப் பீய்ச்சி, கீழே விழுவதற்குள் உறைய வைப்பதுதான் அந்த இயந்திரத்தின் வேலை. அதற்குக் காற்றும் குளிர்ந்திருக்க வேண்டும், வறண்டும் இருக்க வேண்டும். ஏன் வறட்சி? மண்பானைத் தண்ணீர் வறண்ட கோடையில் ஜில்லென்று இருப்பதும், ஐப்பசி அடைமழையில் சும்மா இருப்பதும் எதனாலோ அதே காரணம். துளியின் ஒரு பங்கு ஆவியாகும்போது மிச்சத்தைக் குளிரவைக்கிறது. ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் மைனஸ் 2.5 டிகிரிக்குக் கீழே காட்டினால்தான் இயந்திரப் பனி சரியாக வரும். காற்று வறண்டிருந்தால் சாதா தெர்மாமீட்டர் 0 காட்டும்போதே இது கிடைத்துவிடும், ஈரமாக இருந்தால் கிடைக்காது. இப்படி விழும் பனி இயற்கைப் பனியைவிட அடர்த்தி, சீக்கிரம் உருகாது. பழகுகிறவர்களுக்கு உண்மையில் அது நல்ல தரைதான், விழுந்தால் மட்டும் வலிக்கும். எனவே ஏரியைப் பற்றிக் கேட்காமல், இயந்திரம் இந்த வாரம் ஓடியதா என்று கேளுங்கள்.

படி 7: மூட்டை கட்டுவது

நம்ம ஊரில் மார்கழிப் பனி என்றால் கோலமாவை நனைக்கும் ஈரம், மஃப்ளர் சுற்றினால் போதும். அந்த நினைப்பில் பருத்தி பனியன் ஐந்தை அடுக்கிப் போடாதீர்கள். பருத்தி வியர்வையையும் பனியையும் குடித்துக்கொண்டு உடம்போடு ஒட்டிக் குளிரவைக்கும். உள்ளே பாலியெஸ்டர் அல்லது கம்பளித் தெர்மல், நடுவில் ஸ்வெட்டர், வெளியே தண்ணீர் இறங்காத ஜாக்கெட்டும் பேன்ட்டும். ஜாக்கெட், பேன்ட், பூட்ஸ் எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளைகளின் கையுறையை மட்டும் தண்ணீர் புகாததாக வாங்கிப் போங்கள், ஆளுக்கு இரண்டு ஜோடி. கம்பளி பின்னிய கையுறை பத்து நிமிடத்தில் நனைந்துவிடும், அதோடு பிள்ளையின் அன்றைய சறுக்கலும் முடிந்தது.

கறுப்புக் கண்ணாடி கட்டாயம். புதுப்பனி சூரியனின் புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும், எனவே முகவாய்க்கு அடியிலும் மூக்குக்குக் கீழேயும் சன்ஸ்கிரீன். தேங்காய் எண்ணெய் கட்டியாகிவிடும், குறுகிய வாய் பாட்டிலில் கொண்டுபோனால் ஊர் திரும்பும்வரை வெளியே வராது. தின்பண்டத்துக்குத் தேன்குழலும் மாவுருண்டையும். சீப்புச்சீடையும் கொண்டுபோனோம், மலை ரோட்டில் குலுங்கித் தூளாகிவிட்டது, சாப்பிட்டது என்னவோ அதையும்தான்.

வீட்டிலேயே ஒரு பயிற்சி. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் பிள்ளைகளைச் சாக்ஸோடு விடுங்கள். பரம்பரையாகத் தேங்காய் எண்ணெய் தடவி மெருகேறிய தரை, நல்ல வழுக்கல். முழங்காலை மடக்கி, கட்டைவிரல்கள் கிட்டத்தட்ட முட்டும்படி, குதிகால்களை வெளியே தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சமோசா வடிவம் என்றால் புரிந்துகொள்வார்கள். ஸ்கீயில் வேகத்தைக் குறைப்பதும் நிற்பதும் முதலில் இப்படித்தான். தூணில் கயிறு கட்டியெல்லாம் இழுக்க வேண்டாம், எங்கள் வீட்டில் செய்து பார்த்து ஒரு முன்பல் ஆடிப்போனது.

படி 8: மலை ஏறுவது

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் 250 கிலோமீட்டர். தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை என்று ஆற்றையொட்டியே போகும் பாதை, 9, 10 மணி நேரம் பிடிக்கும். விடிகாலையில் கிளம்பிவிடுங்கள், இருட்டிய பிறகு அந்த ரோட்டில் இருக்கக் கூடாது. ஜோஷிமட்டில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் அவுலி ஏறுவது நல்லது. 2,500 மீட்டரைத் தாண்டினால் சிலருக்குத் தலைவலி, குமட்டல் வரும். அதோடு அப்பத்தாவின் தரிசனமும் அந்த இடைவெளியில் முடிந்துவிடும்.

படி 9: சரிவில் கால் வைக்கும் முன்

போனதும் வாடகைக் கடைக்கு ஓடாதீர்கள். பத்து நிமிடம் சரிவைப் பாருங்கள். மங்கலான வெள்ளை என்றால் புதுப்பனி. சாம்பல் பூத்துப் பளபளத்தால் பனிக்கட்டி. அங்கங்கே பழுப்பு நிழல் தெரிந்தால் அடியில் தரை கிட்டத்தில் இருக்கிறது. ஒரு கம்பை வாங்கிப் பத்து இடத்தில் குத்திப் பாருங்கள். நிழல் விழும் ஓரத்தில் ஒரு அடி இறங்கும் கம்பு, வெயில் படும் மேட்டில் 'டக்' என்று கல்லில் முட்டும். பிறகு ஒரு கை அள்ளிப் பிடியுங்கள். கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டால் ஈரப்பனி, மதியத்துக்குள் சொதசொதவென்று ஆகிவிடும். அரிசிமாவு மாதிரி உதிர்ந்தால் உலர்பனி, அன்றைக்கு உங்களுக்கு யோகம்.

தொடக்க சீசனில் நேரம் மிக முக்கியம். முந்தைய பகல் உருகியது இரவில் உறைந்து, காலை 8 மணிக்குச் சரிவு முழுக்கக் கண்ணாடி. அதில் சமோசா நிற்காது, பிள்ளை நேராகக் கீழே போகும். பத்தரை மணிவாக்கில் மேல்தோல் இளகும். அங்கிருந்து ஒரு மணி வரைதான் பழக நல்ல நேரம். மூன்று மணிக்கு மேல் நிழல் விழுந்ததும் மறுபடி இறுகும். ஆக ஒரு நாளில் உங்களுக்கு உருப்படியாகக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். பயிற்சி ஆளை அந்த நேரத்துக்குப் பேசிக்கொள்ளுங்கள்.

பூட்ஸ் போடும்போது ஒரே ஒரு சாக்ஸ். இரண்டு போட்டால் கதகதப்பு வராது, ரத்த ஓட்டம் நின்று கால் மரத்துப்போகும். நிமிர்ந்து நின்றால் கட்டைவிரல் முன்னால் தொட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அதுதான் அளவு. ஸ்கீயின் நீளம் பழகுகிறவரின் முகவாய் வரை இருந்தால் போதும். ஹெல்மெட் இல்லாமல் பிள்ளைகளை விடாதீர்கள்.

இன்னொன்று, வாங்கும்போதே ஸ்கீயின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்துவையுங்கள். பனி மெலிந்த நாளில் கல் கீறாமல் இருக்காது. ஏற்கெனவே இருந்த கீறலுக்கும் சேர்த்து ஒரு கடையில் என் முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அரைகுறை ஹிந்தியில் சண்டை போட்டு ஜெயித்தவர்கள் யாரும் இல்லை.

மிதித்து இறுக்கிய சரிவை விட்டு ஓரத்துக்குப் போகவே கூடாது. அங்கே கல் மட்டும் ஆபத்து இல்லை. மெல்லிய பனியின் அடிப்பக்கம் தரைச் சூட்டில் இருக்கும், மேல்பக்கம் கடுங்குளிரில் இருக்கும். அந்த வித்தியாசத்தில் அடிப்பனி சீனி மாதிரி பொலபொலவென்று ஆகிவிடும், ஒன்றோடொன்று ஒட்டாது. அதன்மேல் அடுத்த கனத்த பனி விழுந்தால் செங்குத்துச் சரிவுகளில் மொத்தமாக வழுக்கி இறங்கும். பனிச்சரிவு எச்சரிக்கையைச் சண்டிகரில் உள்ள டி.ஜி.ஆர்.இ. என்ற பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. பெரும்பனி கொட்டிய மறுநாள் அதைக் கேட்டுவிட்டுத்தான் மேலே எதுவும் திட்டமிட வேண்டும்.

படி 10: போயும் பனி இல்லையென்றால்

கீழே புல் தெரிந்தால் அவுலிக்கு மேலே கோர்சன் புக்யால் என்ற புல்வெளி இருக்கிறது, மூன்று கிலோமீட்டர் சொச்சம் நடை. கீழே இல்லாத பனி அங்கே திட்டாகவாவது கிடைக்கும். பிள்ளைகளோடு பாதி தூரம் போனாலே போதும். எதிரே 7,816 மீட்டர் நந்தா தேவி நிற்கும், வறண்ட டிசம்பரில் மேகம் இல்லாததால் துடைத்துவைத்த மாதிரி தெரியும். முதல் பயணத்தில் நாங்கள் எடுத்த ஒரே நல்ல போட்டோ அங்கே எடுத்தது. உள்ளூர் வழிகாட்டி ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள், மதியம் இரண்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள்.

தங்குமிடம் பேசும்போதே இரண்டு நாள் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவையுங்கள், வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். கடைசி நாளை மட்டும் நெருக்கமாக வைக்காதீர்கள். நீங்கள் கிளம்பும் அன்றுதான் நல்ல பனி கொட்டும், இது மூன்று பயணத்திலும் எங்களுக்கு நடந்தது. அப்படிக் கொட்டினால், காலை 10 மணிக்கு முன் வண்டியை எடுக்கச் சொல்லாதீர்கள். உருகி ஓடிய தண்ணீர் இரவில் ரோட்டில் உறைந்து, தார் நிறத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். சக்கரத்துக்குச் சங்கிலி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். வெயில் ரோட்டில் விழும்வரை டிரைவரை டீ குடிக்க விடுங்கள், நீங்களும் மிச்சத் தேன்குழலைப் பிரியுங்கள்.